தயிர்ச் சட்டி உடைஞ்சதும் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு சொக் தேடி அலைஞ்சதும்

என்ட கார் 2007 சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். செசி நம்பர் இசட்சி31எஸ் எண்டு தொடங்குற மொடல், 1.6 லீட்டர் எஞ்சின், 125 குதிரைவலு, அஞ்சு கியர் மெனுவல். மட்டக்களப்புல இத வச்சு என்ன செய்யப் போறாய் எண்டு கேக்காத ஆளில்ல. கேக்கிறதும் ஞாயம்தான், இஞ்ச ரோட்டெல்லாம் தட்டு, கல்முனைக்குப் போனாலும் வாழைச்சேனைக்குப் போனாலும் நேர்கோடு, வளைவு வேணுமெண்டா செங்கலடியால கிறுகி பதுளை ரோட்டப் பிடிக்கோணும், இல்லாட்டி மகாஓயா, மஹியங்கனை போய் அங்கால கண்டிக்கு ஏறுற பதினெட்டு வளைவுக்குப் போகோணும். நான் மாசத்துக்கு ஒருக்கா அப்பிடிப் போற ஆள். மிச்ச நாளெல்லாம் கல்லடிப் பாலத்தால வேலைக்குப் போறதும், சனிக்கிழமையில படுவான்கரைப் பக்கம் வயலுக்குப் போறதும்தான். இத முதல்லயே ஏன் சொல்றனெண்டா சொக் (ஷொக் அப்சோர்பர், கார் துள்ளாம அடக்குற சாமான்) எடுக்கேக்க நான் விட்ட பெரிய பிழையே இதுதான், மாசத்துல ஒரு நாள் ஓடுற ரோட்ட நினைச்சு சாமான் வாங்கி மிச்சம் இருபத்தொம்பது நாளும் நாரிய உடைச்சுக்கொண்டது.

தொடங்கினது ஒரு தயிர்ச் சட்டியில. கண்டியில இருக்குற சித்திக்குக் குடுக்க அம்மா ரெண்டு சட்டி எருமைத் தயிர் கட்டித் தந்தா, பின் சீற்றுக்குக் கீழ சாக்கு வச்சு நல்லா இறுக்கித்தான் வச்சன். மகாஓயா தாண்டி ஒரு மதகு ஏறி இறங்கேக்க பின்பக்கம் ஒருக்காத் தூக்கி, இறங்கி, மறுகா தூக்கி, மறுகா இறங்கிச்சு. நாலாவது ஆட்டத்துல ஒரு சட்டி மற்றதோட இடிச்சு ரெண்டாப் பிளந்திட்டு. அந்த மணம் கார விட்டுப் போக ஒண்டரை மாசம் எடுத்திச்சு, யன்னல் எல்லாத்தையும் திறந்து வெயில்ல விட்டும் பாத்தாச்சு, தேசிக்காயும் வச்சுப் பாத்தாச்சு. அம்மா சொன்னா, “மனே, உன்ட கார் ஓடல்ல, துள்ளுது.” கராஜ்காரன் ஒருத்தனும் அதுவரைக்கும் எனக்கு அத அவ்வளவு தெளிவாச் சொல்லல்ல.

ஏனெண்டா நான் அதுக்கு முதல் ரெண்டு இடத்துல காட்டினான். ரெண்டு பேரும் செஞ்சது ஒரே வேலைதான், மூலையில கைய வச்சு அமத்திப் போட்டு விட்டாங்க, கார் ஒருக்கா எழும்பி நிண்டிச்சு, “சொக் நல்லாத்தான் கிடக்கு”. இந்தக் கையால அமத்திப் பாக்கிற சோதனைய நம்பாதீங்க. முழுசாச் செத்த சொக்க மட்டும்தான் அது காட்டிக் குடுக்கும். நாம கையால அமத்துற வேகம் ஒண்டு, அறுபதுல போகேக்க மதகு ஒண்டு ரயரத் தள்ளுற வேகம் வேறொண்டு. அரைவாசி செத்த சொக் கைக்கு நல்ல பிள்ளையா நடிக்கும், ரோட்டுல காட்டிக் குடுத்திரும்.

எனக்கு உண்மையச் சொன்னது ரயர்தான். பின் ரயரக் கழட்டி உள்விளிம்பத் தடவிப் பாத்தா அலை அலையாப் பள்ளமும் மேடுமாக் கிடந்திச்சு, வட்டமா ஒரே மாதிரித் தேயல்ல, இடைக்கிட கிண்டி எடுத்த மாதிரி. ரயர் ரோட்டுல ஒட்டாம துள்ளித் துள்ளி ஓடினா இப்பிடித்தான் தேயும். மற்றது பிரேக் பிடிச்சா மூக்குக் குத்துறது, பதினெட்டு வளைவால இறங்கி வரேக்க முதல் மூண்டு நாலு வளைவு ஓகேயா இருந்து போகப் போக பின்பக்கம் மிதக்கிறது. சொக்குக்குள்ள ஒயில்தான் வேலை செய்யுது, ஸ்பிரிங் ஆடுற சக்திய அந்த ஒயில் சின்ன ஓட்டையளால நெரிஞ்சு போய் சூடா மாத்துது, அவ்வளவுதான் விசயம். ஒயில் பழசாகி காத்தோட கலந்து நுரைச்சா நெரியிறதுக்கு ஒண்டுமில்ல. பாரத்தத் தாங்கிறது ஸ்பிரிங், சொக் ஆட்டத்த நிப்பாட்ட மட்டும். இது விளங்காமத்தான் கனபேர் “கார் பதிஞ்சு போச்சு, சொக் மாத்தோணும்” எண்டு நிக்கிறாங்க, பதிஞ்சா பாக்க வேண்டியது ஸ்பிரிங்க.

சரி, என்ட பிழைக்கு வாறன். கையில ஒரு லட்சம் இருந்திச்சு. 2022க்குப் பிறகு பாட்ஸ் விலை எங்க போய் நிண்டதெண்டு எல்லாருக்கும் தெரியும், டொலர் இருநூறுல இருந்து முந்நூற்றம்பதத் தாண்டின காலம், அதுக்கு முதல் 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதோட பழைய காருக்கெல்லாம் கிராக்கி ஏறி பாட்ஸுக்கும் ஏறிட்டு. புது சொக் நாலுக்கு விலை கேட்டா ஒரு லட்சத்துக்கு மேல சொன்னாங்க. அந்த நேரம் பாத்து கொழும்புல ஒருத்தர் ஜப்பான்ல இருந்து கழட்டி வந்த கொய்லோவர் செட் (ஸ்பிரிங்கும் சொக்கும் சேத்து ஒரே செட்டா வாறது) ஒண்டு 95,000க்குப் போட்டிருந்தார். படத்துல பச்சை ஸ்பிரிங், மேல திருகுற குமிழ், உயரம் கூட்டிக் குறைக்கலாம், இறுக்கம் கூட்டிக் குறைக்கலாம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்தப் படத்தப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்துக்கொண்டு கிடந்தன். மனிசி எழும்பி, “யார்ர போட்டோ அது?” எண்டு கேட்டவள்.

பஸ்ஸில போய் எடுத்து வந்து பூட்டினன். முதல் நாள் சொர்க்கம்தான், ஸ்டியரிங்கத் திருப்பினாக் கார் உடனே கிறுகுது. ரெண்டாம் நாள் படுவான்கரைக்குப் போனன். கிரவல் ரோட்டுல ஒரு ஒண்டரைக் கிலோமீற்றர் போறதுக்குள்ள பல்லுக் கிட்டிச்சு. அந்த ஸ்பிரிங் ரேஸ் ட்ராக்குக்குப் போட்ட கணக்கு, காரோட வந்த கம்பனி ஸ்பிரிங்க விட எவ்வளவோ இறுக்கம். குமிழத் திருகி முழுசாத் தளர்த்தினா சரி வரும் எண்டு நினைச்சன், வரல்ல, இன்னும் மோசமாப் போச்சு, ஏனெண்டா குமிழ் தளர்த்துறது சொக்க மட்டும்தான், ஸ்பிரிங் அதே இறுக்கத்துல கிடக்கு, இப்ப அத அடக்குறதுக்கு ஆளும் இல்ல. முழுசா இறுக்கினா வேற கூத்து, வரிசையாப் பள்ளம் வரேக்க ஒரு பள்ளத்துல அமந்த சில்லு மற்றப் பள்ளம் வாறதுக்குள்ள திரும்பக் கீழ இறங்காது, அப்பிடியே மேல மேல அமந்து கடைசியா, சொக் முழுசா அமராமத் தடுக்கிற ஸ்டொப்பர்ல போய் இடிக்கும். ஸ்பிரிங்கும் சொக்கும் புருசன் பெண்சாதி மாதிரி, ஒண்ட மட்டும் மாத்திச் சீர் செய்ய ஏலாது.

மூண்டாம் மாசம் பின் இடது சொக்கால ஒயில் வழிஞ்சு பிரேக் டிஸ்க்குக்குக் கிட்ட வரைக்கும் வந்திட்டு. வித்த ஆளுக்குப் போன் எடுத்தா, “பாவிச்ச சாமான் தம்பி, கியாரண்டி எண்டு நான் சொன்னனா?” சொல்லல்லத்தான். நான்தான் கேக்கல்ல. பாவிச்ச சொக் வாங்கிறதெண்டா ரொட்டப் பாருங்க, சொக்குக்குள்ள போய் வாற கம்பிதான் ரொட், மினுமினுப்பு இருக்கோணும், நகத்தால தடவேக்க கீறல் தட்டுப்படக் கூடாது. உள்ள தள்ளி, வெளிய இழுத்து, இடது வலது சொக் ரெண்டுலயும் ஒரே மாதிரி வெயிற்று வருதா, நடுவுல ஒரு இடத்துல சும்மா வழுக்கி ஓடுதா எண்டு பாருங்க. இவ்வளவு பாத்தும் அது எத்தினை கிலோமீற்றர் ஓடினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப என்னைக் கேட்டா பாவிச்ச கதவு வாங்குங்க, பாவிச்ச சீற்று வாங்குங்க, சொக் மட்டும் வேணாம் எண்டுதான் சொல்லுவன்.

இடையில மச்சான் ஒருத்தன் ஒரு யோசனை கொண்டு வந்தான், பழைய கம்பனி சொக்கத் துளைச்சு ஒயில் மாத்தி, கேஸ் அடிச்சு, வெல்டிங் வச்சுத் தாறாங்கள், ஒண்டு அஞ்சாறாயிரம்தானாம். அவன்ட வேனுக்குச் செஞ்சு நாலு மாசம் ஓடினது உண்மை. அதுக்குப் பிறகு சீல் போச்சு. ஒயில் மாத்தினாலும் உள்ள இருக்குற வால்வும் சீலும் பழசுதானே. கழட்டிச் சீல் மாத்தக் கூடியமாதிரிச் செஞ்ச விலைகூடின சொக்குகள் இருக்கு, அதுக்கு ரீபில்ட் எண்டுறது சரியான வேலை. கம்பனி சொக்கு அப்பிடிக் கழட்டுறதுக்குச் செஞ்சதில்ல, ஒட்டி மூடினது. நான் செய்யல்ல.

மறுகா உக்காந்து ஒழுங்கா யோசிச்சன். எனக்கு வேணுமெண்டது என்ன? கம்பனி உயரம், கம்பனி ஸ்பிரிங், அதுக்குப் பொருந்துற புது சொக், மலையில கொஞ்சம் இறுக்கமா இருந்தா சந்தோசம். அப்பிடிப் பாத்தா மூண்டு படி இருக்கு.

மேல் படியில பில்ஸ்டைன் பி6. கம்பனி உயரத்துக்கெண்டே செஞ்சது, மோனோடியூப், ஒரே குழாய்க்குள்ள ஒயிலையும் நைட்ரஜன் கேஸையும் ஒரு பிஸ்டன் பிரிச்சு வச்சிருக்கும், அதால நுரைக்கிறது குறைவு, சூடு வெளிய போறதும் கெதி. கார் பதிக்கிற ஸ்பிரிங் போட்டா அதே கம்பனிட பி8 எடுக்கோணும், அது நீளம் குறைஞ்சது. இத மாறி எடுத்துக் காசத் துலைச்ச ஆக்கள் இருக்காங்க. நல்ல சாமான், ஆனா எனக்கு வந்த விலைக்கு சாமான எடுத்திட்டுக் கார வித்துத்தான் கடன் கட்டோணும். கொனி மஞ்சளும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

கீழ் படியில பேர் தெரியாத பெட்டியில வாறது. சோடி 18,000. கையில எடுத்து ரொட்ட அமத்தினா எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்கிற அளவு வெயிற்றுத்தான்.

நடுப் படியில கேவைபி, மொன்ரோ, டோக்கிகோ மாதிரி கம்பனிக்கே சாமான் செஞ்சு குடுக்குற பேருகள். கேவைபி எக்ஸெல்-ஜி கம்பனி அளவுக்குத் திரும்பக் கொண்டு வாற சாமான், ட்வின்டியூப், குழாய்க்குள்ள குழாய், குறைஞ்ச அழுத்தக் கேஸ். ஜப்பான்ல விக்கிற நியூ எஸ்ஆர் ஸ்பெஷல் எண்டு நீல நிறத்துல ஒண்டு வருது, அது கம்பனி ஸ்பிரிங்கோடயே போடலாம், கம்பனியவிடக் கொஞ்சம் இறுக்கம். டெயின் எண்டியூராப்ரோவும் இந்த இடத்துக்குத்தான் வருது, அது உள்ளுக்கே ஒயில்ல வேலை செய்யுற ஸ்டொப்பர் வச்சது, பள்ளத்துல முழுசா அமரேக்க டொக்கெண்டு இடிக்காது. எங்கட ரோட்டுக்கு நல்ல யோசனை, ஆனா எனக்கு நேரத்துக்குக் கிடைக்கல்ல. நீல நிறக் கேவைபி நாலு 1,12,000க்குச் சரிவந்திச்சு.

இதுல ஒரு விசயம். கொழும்புல பாட்ஸ் கடையள் இருக்குற பஞ்சிகாவத்தையில முதல் ஏறின கடையில, “ஸ்விஃப்ட் எல்லாம் ஒண்டுதான் தம்பி, இதப் பூட்டு” எண்டு சாதாரண ஸ்விஃப்ட்டுக்குரியத எடுத்து வச்சார். பூட்டியும் இருப்பன். ஆனா ஸ்போர்ட்டுக்கு ஸ்பிரிங் வேற, கம்பனி சொக்குக்குப் பாட் நம்பரும் வேற. கடைக்குப் போறதுக்கு முதல் உங்கட செசி நம்பர வச்சு சுசுக்கிட, சொக் செய்யிற கம்பனிட ரெண்டு கற்றலொக்கிலயும் நம்பர எடுத்து ஒரு துண்டில எழுதிக் கொண்டு போங்க. கடைக்காரர் சொல்ற நம்பர் அதோட ஒத்துப் போகல்லயெண்டா எவ்வளவு நல்லாக் கதைச்சாலும் திரும்பி வாங்க. மற்றது போலி. பெட்டி அச்சு மங்கலா, சொக்குல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் நம்பரும் உடம்புல அடிச்ச நம்பரும் வேறயா, நாலு பெட்டியில ஒண்டு பாரம் குறைவா எண்டு பாருங்க. பில் எழுதித் தராத இடத்துல எடுக்காதீங்க, அது ஒண்டே போதும் ஆளக் கண்டுபிடிக்க.

இப்ப ஆக்கள் காசு மிச்சம் பிடிக்கிறம் எண்டு சறுக்குற இடத்துக்கு வாறன், சின்னச் சாமான். சொக் நாலும் எடுத்தாச்சு, கையில காசில்ல, சொக்க மேல பொடியோட பிடிக்கிற பழைய மவுண்ட், பழைய ஸ்டொப்பரயே போட்டிரலாமெண்டு தோணும். எனக்கும் தோணிச்சு. காத்தான்குடியில கராஜ் வச்சிருக்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருத்தரிட்டத்தான் நான் இப்ப குடுக்கிற. அவர் முன்பக்கம் கழட்டி என்ட பழைய மவுண்ட்டத் தூக்கிக் காட்டினார், ரப்பர் நடுவுல பிளந்து இரும்புத் தட்டுத் தனியா ஆடுது. பெயரிங்கக் கையால சுத்தினா மண் அரைக்கிற சத்தம். ஸ்டொப்பர் ரெண்டும் கையில எடுக்க உதிர்ந்து பிட்டு மாதிரிக் கொட்டிட்டு. “தம்பி, புதுச் சட்டை போட்டுட்டு வேர்த்த பெனியன மாத்தாமப் போறீங்களா?” எண்டார். ஸ்டொப்பர் இல்லாம புது சொக் பள்ளத்துல அமந்தா இரும்போட இரும்பு இடிக்கும், ஆறு மாசத்துல புதுசும் போகும். தூசு மறைக்கிற ரப்பர் கிழிஞ்சிருந்தா ரொட்டுல மண் ஏறிச் சீல அறுக்கும், படுவான்கரைக்கு ஓடுற காருக்கு அதுதான் முதல் எதிரி. மவுண்ட் ரெண்டு, பெயரிங் ரெண்டு, ஸ்டொப்பரும் ரப்பரும் நாலு மூலைக்கும், ஸ்டெபிலைசர் லிங்க் ரெண்டு, எல்லாம் சேத்து 41,000. மனம் நொந்துதான் குடுத்தன். அந்தக் காசுக்குத்தான் கார் உண்மையா மாறினது எண்டு இப்பவும் நினைக்கிறன்.

பூட்டுறத பக்கத்துல நிண்டு பாருங்க. முன்பக்கம் ஸ்பிரிங்க நெரிச்சுப் பிடிக்கிற கருவி இல்லாம ஒருத்தரும் மேல் நட்டக் கழட்டக் கூடாது, அந்த ஸ்பிரிங் தெறிச்சா ஆளுக்கு ஆபத்து, விளையாட்டில்ல. பின்பக்கம் இந்தக் காருக்கு லேசு, சொக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி, கடல் காத்துல கறள் பிடிச்ச கீழ் போல்ட் மட்டும்தான் சண்டை பிடிக்கும். எனக்கு அந்த ஒரு போல்ட்டோட ரெண்டு மணித்தியாலம் போச்சு. முதல் நாள் பின்னேரமே கறள் இளக்குற எண்ணெய் அடிச்சு வச்சிருந்தா அரை மணித்தியால வேலை.

புது சொக்கப் பூட்ட முதல் காக்கா நிமித்தி வச்சு நாலஞ்சு தரம் முழுசா அமத்தி இழுத்து விட்டார், பெட்டியில படுத்துக் கிடந்த ட்வின்டியூப்ல உள்ளுக்குள்ள காத்து இடம் மாறியிருக்கும், அது ஒயில்ல இருந்து போகோணும். மேல் நட்டு இறுக்கேக்க கூட நிண்ட பொடியன் ரொட்டக் குறட்டால பிடிக்கப் போனான், காக்கா கையில தட்டினார். அந்த மினுமினுப்புல ஒரு கீறல் விழுந்தா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தக் கீறல் சீல அறுக்கும், புதுச் சாமான் பூட்ட முதலே பழசாயிரும். நுனியில எலன் கீயால பிடிச்சுத்தான் இறுக்கோணும், காத்துத் துவக்கால அடிக்கவும் கூடாது. கடைசியா, கீழ் புஷ் போல்ட்டுகள கார் ஜக்குல தொங்கேக்க முழுசா இறுக்காதீங்க. சில்லு நிலத்துல நிண்டு பாரம் ஏறினாப் பிறகு இறுக்கோணும். தொங்கேக்க இறுக்கினா ரப்பர் முறுகின நிலையிலயே கிடந்து கெதியாக் கிழியும். இது எனக்குத் தெரியாது, போன முறை கொய்லோவர் பூட்டினவங்களுக்கும் தெரியாது போல.

காசு இல்லாட்டி ரெண்டு ரெண்டா மாத்தலாம், ஆனா முன் சோடி இல்லாட்டி பின் சோடி, ஒருக்காலும் ஒத்தையா மாத்தாதீங்க. நான் முன்பக்கத்த முதல்ல செஞ்சு பின்பக்கத்த சம்பளத்துக்குப் பிறகு செஞ்சன், அந்த மூண்டு கிழமையும் கார் ஒரு மாதிரித்தான் இருந்திச்சு, முன்பக்கம் சொன்னதக் கேக்குது, பின்பக்கம் தன்ட பாட்டுல வருது. ஏறாவூரால வரேக்க மாடு ஒண்டு குறுக்க வந்து வெட்டி எடுக்கேக்க பின்பக்கம் ஆடின ஆட்டத்துல கை நடுங்கிட்டு. அந்த மூண்டு கிழமையும் மெதுவா ஓடுங்க, அவ்வளவுதான். முழுசும் முடிஞ்சதும் அலைன்மென்ட் கட்டாயம், முன் சொக்குட போல்ட்டத் தொட்டாலே சில்லுச் சரிவு மாறும். நான் ஒரு கிழமை தள்ளிப் போட்டதுல ரயர் விளிம்பு கொஞ்சம் போயிட்டு.

முழுக் கணக்கு 1,72,000 வந்திச்சு. கொய்லோவருக்குப் போன 95,000த்த இதோட கூட்டிப் பாக்கிறல்ல, கூட்டினா அந்தக் காசுக்கு நல்லதாவே எடுத்திருப்பனே எண்டு நித்திரை வராது.

கார் இப்ப எப்பிடியெண்டா, கல்லடிப் பாலத்துல இணைப்புகள் கடக்கேக்க டப் எண்டு ஒரு சத்தம், அதோட முடிஞ்சு. புது நாளையில கொஞ்சம் முரடா இருந்திச்சு, ஆயிரம் கிலோமீற்றரோட இளகிட்டு. பின்ன 16 அங்குல வீல கழட்டி 15க்கு மாறினன், 195/50 இருந்த இடத்துல 195/55, வெளி விட்டம் ஆறு மில்லிமீற்றர்தான் குறையுது, ரயர்ச் சுவர் கொஞ்சம் உயரம் கூடினது. இந்தக் கிரவலுக்கு அதுவும் ஒரு சொக் மாதிரித்தான். பிரேக் கலிப்பர் வீலோட முட்டுதா எண்டு பூட்டிச் சுத்திப் பாத்து எடுங்க, எல்லா 15ம் ஏறாது.

பின் வலது சொக்குல போன மாசம் லேசா ஈரம் கண்டு பதறிப் போய்க் காட்டினன். காக்கா துணியால துடைச்சு, “ரெண்டு கிழமை ஓடிட்டு வாங்க” எண்டார். வந்து பாத்தா மெல்லிசாத் தூசு படிஞ்சிருந்திச்சு, வழியல்ல. ரொட்டோட கொஞ்சம் ஒயில் ஈரம் வாறது வழக்கமாம், சீலுக்கும் அது வேணுமாம், சொட்டுச் சொட்டா இறங்கினா மட்டும்தான் கவலை.

பழைய கொய்லோவர் செட் இன்னும் குசினிக்குப் பின்னால சாக்குல கிடக்கு. கல்முனையில இருந்து ஒரு பொடியன் வந்து கேட்டான், பின் இடது ஒயில் போகுது எண்டு காட்டினன், ஸ்பிரிங் இந்த ரோட்டுக்கு ஆகாது எண்டும் சொன்னன். அவன் பச்சை ஸ்பிரிங்கத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துப்போட்டு, “அண்ணன், கடைசி எவ்வளவு?” எண்டான்.